கிண்ணியில் மிஞ்சியிருந்த மருந்து

எங்கள் மகள் பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் என் கணவரின் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கத் தொடங்கியது. வலி இல்லை, வீக்கம் இல்லை. தோளும் முழங்கையும் எப்போதும்போல வேலை செய்தன. விரல்களை மடக்குவார், மடக்கிய விரல்களை நீட்ட வராது. கையை முன்னால் நீட்டச் சொன்னால் மணிக்கட்டுக்குக் கீழே ஈரத்துணி மாதிரித் தொங்கும். கொஞ்ச நாளில் இடது கையும் அந்த வழிக்கே வந்தது. ஆனால் வலது அளவுக்கு மோசமில்லை.

அப்போது நாங்கள் ரங்கூனில், பபேடானில் ஒரு பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த சந்தில் குடியிருந்தோம். மரவீட்டின் மாடியில் ஓர் அறை, ஒரு பின்தாழ்வாரம். நான் நாகப்பட்டினத்தில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். அவர் ரங்கூனிலேயே பிறந்தவர். இரண்டு தெரு தள்ளி ஒரு துப்பாக்கிக் கடையில் அவருக்கு வேலை. முதலாளி சூரத்துக்காரர். கடையில் விற்ற தோட்டாக்களில் பெரும்பாலானவை சீமையிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வந்தவை. ஒரே ஒரு வாடிக்கைக்காரருக்கு மட்டும் என் கணவர் கையாலேயே தோட்டா செய்து கொடுத்தார்.

அந்த வாடிக்கைக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் மேற்பார்க்கும் இன்ஸ்பெக்டர். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். பெரம்பூரில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடாக வரும். அவர் நீளத் துப்பாக்கியைத் தொடமாட்டார். ரிவால்வரை வைத்துக்கொண்டுதான் காட்டுக்குப் போவார். கேளையாடு என்கிற சின்ன மானும் பன்றியும் சுடுவார். சீமைத் தோட்டாவில் குண்டின் மூக்கு உருண்டையாக இருக்கும். அது மிருகத்தின் உடம்பில் சின்னத் துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடுகிறது, மிருகம் எங்கோ புதருக்குள் ஓடிப்போய் இரண்டு நாள் கிடந்து சாகிறது, அது பாவம் என்பார். மூக்கு தட்டையான குண்டு வேண்டும், பட்ட இடத்திலேயே விழவேண்டும் என்று, அதற்கான இரும்பு அச்சையும் அவரே எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்திருந்தார்.

குண்டு வார்ப்பது எங்கள் பின்தாழ்வாரத்தில்தான். கடையில் வெடிமருந்துப் பீப்பாய் இருக்கும் இடத்தில் அடுப்பு மூட்டக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கிவருவார். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்துக் கரி அடுப்பில் உருக்குவார். மேலே மிதக்கும் கசடை ஒரு துண்டு தேன்மெழுகு போட்டுக் கிளறி எடுப்பார். மெழுகு குபுக்கென்று பற்றி எரியும், தாழ்வாரமெல்லாம் புகை. அச்சு சூடேறும்வரை முதல் ஏழெட்டுக் குண்டுகள் சுருக்கம் விழுந்துதான் வரும், அவற்றைத் திரும்பச் சட்டியில் போடவேண்டும். மழைக்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சட்டியில் விழுந்தாலும் ஈயம் வெடித்துக் கூரைவரை தெறிக்கும். அவர் முன்கையில் அந்தத் தழும்புகள் நிறைய இருந்தன. நான் அப்போது அடுப்பங்கரையிலிருந்தே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

கை தொங்கிப்போன பிறகு ஒருநாள் கரண்டியோடு ஈயத்தைக் கீழே போட்டார். தரைப்பலகை கருகிப் புகைந்தது. தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதால் மணலை அள்ளிப் போட்டேன். அவர் எழுந்து போய் அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"கடையிலே தெரிஞ்சா என்னை வச்சுக்கமாட்டாங்க" என்றார். "தொடைக்க, எண்ணெய் போட, பெட்டி தூக்க ஒரு மாதிரி சமாளிச்சுடறேன். இந்த வேலைதான் முடியலே."

"நான் செய்யறேனே" என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வழி தெரியவில்லை.

அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தக் குண்டுகளை நான்தான் வார்த்தேன். தோட்டா கட்டும் வேலையையும் வீட்டுக்கே கொண்டுவந்தார். முன்பு அதைக் கடையின் பின்கட்டில் செய்துகொண்டிருந்தார். இப்போது மருந்தைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு மதியச் சாப்பாட்டுத் தூக்கில் மறைத்து வீட்டுக்கு எடுத்துவந்தார். அது சட்டப்படி குற்றம். முதலாளிக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது.

வேலை இப்படி. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் குப்பிகளை இன்ஸ்பெக்டர் திருப்பித் தருவார். அவற்றின் அடியில் பொறி கிளப்பும் கேப்பு என்ற சின்ன மூடி இருக்கும்; அந்தப் பழையதைத் தட்டி எடுத்துவிட்டு, பாக்குவெட்டி போல இருக்கும் இடுக்கியால் புதுக் கேப்பை அழுத்தவேண்டும். மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்துக் குப்பிக்குள் கொட்டவேண்டும். பிறகு மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் தடவிய குண்டைக் குப்பியின் வாயில் வைத்து இடுக்கியால் இறுக்கவேண்டும். அந்த மருந்து சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். ஒரு தோட்டாவுக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவு. குப்பியில் பாதிகூட நிரம்பாது. ஆகவே மருந்து போட்ட தோட்டாவையும் போடாத தோட்டாவையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அவர் முதல் நாளே எனக்குச் சொன்னது இதைத்தான். "ரெண்டு தடவ போட்டுட்டா துப்பாக்கி வெடிச்சுடும். போடாம விட்டுட்டா அதைவிட மோசம். கேப்பு மட்டும் வெடிச்சு குண்டு பாதிக் குழல்ல போய் நின்னுக்கும். சுடறவனுக்கு அது தெரியாது. அடுத்த குண்டு போய் அதுமேல மோதும். குழல் கிழிஞ்சுடும், கையோட போயிடும்."

அதனால் நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். பத்துச் சின்னப் பித்தளைக் கிண்ணிகள். பத்திலும் மருந்தை நிறுத்து வைத்துவிடுவேன். பிறகு பத்துக் குப்பியில் கொட்டுவேன். இப்படி ஐந்து சுற்று, ஐம்பது தோட்டா.

அறுவடை முடிந்து பனி விழும் மாதம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஐம்பது தோட்டாவையும் முடித்தேன். இன்ஸ்பெக்டர் சனிக்கிழமை காலை மாவ்பிக்கு வேட்டைக்குப் போகிறார், வெள்ளி மாலையே கடையிலிருந்து வாங்கிக்கொள்வார் என்று அவசரம். குழந்தைக்கு அன்றைக்குச் சளி. நடுவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போய் எடுத்துப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசித் தோட்டாவையும் இறுக்கியதும் என் கணவர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். நான் கிண்ணிகள் இருந்த பலகையின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுக் குழந்தையோடு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, கிண்ணிகளைத் துடைத்து வைக்கலாம் என்று துணியை எடுத்தேன். ஒன்பது கிண்ணி காலி. ஒரு கிண்ணியில் மருந்து இருந்தது. தராசில் வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு தோட்டாவுக்கான எடை.

 எந்தச் சுற்றில் எழுந்தேன், எந்தக் குப்பியில் விட்டேன் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. குழந்தை இருமியது நினைவிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து இடுக்கியைக் கையில் எடுத்தது நினைவிருந்தது. ஒவ்வொரு குப்பிக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைப்பேன். ஆறு மாதமாக அப்படித்தான். ஆனால் அன்று எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்தேனா என்பது நிச்சயமில்லை.

குழந்தையைத் துணியில் இடுப்போடு கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அதுவரை நான் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. முதலாளி என்னைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார். அவர் தமிழ் உடைந்துதான் வரும்.

"ஒம்மோட ஆளு இங்கே இல்லே. போட்டாதாங் அனுப்பிச்சிருக்கு. கப்பல் சாமான் எடுக்க. என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் கை தொங்கியது தெரியும், மருந்து வீட்டுக்கு வந்தது தெரியும். "குழந்தைக்கு உடம்பு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

டிராமில் போட்டாதாங் போனேன். ஆற்றங்கரையில் வரிசையாகக் கிடங்குகள். எந்தக் கிடங்கு என்று எனக்குத் தெரியாது. மூட்டை சுமக்கும் தெலுங்குக்காரர்களிடம் கேட்டேன், சுங்கச் சேவகனிடம் கேட்டேன். "துப்பாக்கிப் பெட்டியா, அது அந்தக் கோடியிலேம்மா" என்று ஒருவர் கை காட்டினார். அந்தக் கோடிக்குப் போனால், இப்போதுதான் வண்டி ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. அவரைத் தேடிக்கொண்டே இருந்தால் மாவ்பிக்குப் போகும் அடுத்த வண்டியும் போய்விடும் என்று தோன்றியது. நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே டிக்கெட் வாங்கும் சன்னலில் ஒரு தமிழர் இருந்தார். மாவ்பி நிலையத்துக்குத் தந்தி அடித்து இன்ஸ்பெக்டரிடம் ஒரு சேதி சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"என்ன சேதி?"

"தோட்டாவைச் சுடவேணாம்னு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீ யாரும்மா? அவருக்கு என்ன வேணும் நீ?"

யாருமில்லை என்றேன்.

"ரயில்வே தந்தி ரயில் விஷயத்துக்குத்தாம்மா. அதுவும் ஒரு பொம்பளை வந்து, துரை சுடக்கூடாதுன்னு நான் அடிச்சா, என் வேலைதான் போகும். தபால் ஆபீசுக்குப் போய் அடி."

தபால் ஆபீசுக்குப் போக நேரமில்லை. எனக்கு இங்கிலீஷ் எழுதவும் வராது. வண்டி ஏறினேன். இன்செயின் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுத்த வயல். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பர்மியப் பெண் குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். ஏழு மாதக் குழந்தை, அதைக் கையில் பிசைந்துகொண்டு வந்தது. ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போனது. நான் எதையும் விரைவுபடுத்த முடியாது. உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அந்த இன்ஸ்பெக்டரின் வலது கையை நான் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இப்போதும் மனமில்லை.

மாவ்பியில் இறங்கி, நிலையத்துக்கு வெளியே ரயில்வே கேட்டின் பக்கம் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். லுங்கி கட்டி, கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசி, பார்க்கப் பர்மாக்காரி போலவே இருந்தாள். தமிழில் பதில் சொன்னாள். அப்பா தமிழர், ரயில் பாதைக் கூலியாக வந்தவர், அம்மா பர்மியர். அவள் புருஷன்தான் அந்தக் கேட்டைத் திறந்து மூடுபவன்.

"இன்ஸ்பெக்டர் துரையா? காலையிலேயே போயாச்சு அமா. எங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போயிருக்கார். அவருக்குத்தான் ஜீ தண்ணி குடிக்கிற இடம் தெரியும்." கேளையாட்டை அங்கே ஜீ என்றுதான் சொல்வார்கள். அமா என்றால் அக்கா.

"எந்தப் பக்கம் போனாங்க?"

அவள் வயலுக்கு அப்பால் தெரிந்த மூங்கில் காட்டைக் காட்டினாள். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டிருந்தது. "அதுக்குள்ளே எங்கே போனாங்கன்னு யாருக்குத் தெரியும். நீங்க போனா திரும்ப வரமாட்டீங்க. உக்காருங்க. புள்ளெக்குப் பாலு குடுங்க."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குடிசை. உள்ளே பாய் விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்தாள். எனக்குச் சோறும் பருப்பும் போட்டாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். அவள் என்னிடம் எதற்கு வந்தாய் என்று கேட்கவே இல்லை. அவளுடைய புருஷன் இப்போது அந்த ரிவால்வருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் போட்ட சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வெடிச்சத்தம் அப்போது கேட்டது. தூரத்தில், கதவைச் சாத்தியது போல.

"அடிச்சுட்டாங்க" என்று அவள் சிரித்தாள்.

கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டேன். மருந்தில்லாத தோட்டாவின் சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது. கேப்பு மட்டும் வெடித்தால் ஒரு சொடக்குதான். அதற்கு அடுத்த தோட்டா குழலைக் கிழிக்கும் சத்தம்தான் கேட்கும். அப்படியானால் இந்தச் சத்தம் முதல் சத்தமா, அடுத்த சத்தமா? எனக்கு எப்படித் தெரியும்?

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்ன அமா?"

சொல்லிவிட்டேன். கை தொங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பதறவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு குடிசை வாசலில் வந்து காட்டைப் பார்த்தபடி குந்தினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் துரைக்கு இடது பக்கந்தான் நிப்பார்" என்றாள். "எப்பவும் இடது பக்கந்தான்."

இடது பக்கம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சரக்கு வண்டி வந்தது. அவள் எழுந்து போய்ப் புருஷன் வேலையான கேட்டைச் சாத்தி, பச்சைக் கொடியைக் காட்டி, மறுபடி திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வண்டி போகும் சத்தத்தில் காட்டிலிருந்து வேறு ஏதாவது சத்தம் வந்திருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்காது என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். 

பொழுது சாயத் தொடங்கியபோது அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"கெய்ச மஷிபூ அமா. ஒண்ணுமில்லே" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போயிருக்கும். வயல் வரப்பில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர். பின்னால் மூங்கில் கழியில் ஒரு கேளையாட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். அதில் ஒருவன் அவள் புருஷன். அவள் எழுந்து ஓடவில்லை. உள்ளே போய்த் தண்ணீர்ப் பானையைத் திறந்து ஒரு குவளையை மொண்டு குடித்தாள்.

நான் கேட்டைத் தாண்டிப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன்.

"இன்னாம்மா? யாரு நீ?"

கடையின் பேரைச் சொல்லி, இன்னாருடைய வீட்டுக்காரி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "உன் புருஷன் குண்டு பாத்தியா? ஒரே குண்டு. நின்ன எடத்துலேயே வுழுந்துது. அப்பால ஒரு பன்னி வந்துச்சு, ரெண்டு போட்டேன், ஆப்படலே. அது என் கை, குண்டைச் சொல்லக்கூடாது."

"அதை இனிமே சுடாதீங்க துரை" என்றேன். "அதுலே ஒண்ணுலே மருந்து இல்லே."

 அவர் உறையிலிருந்து ரிவால்வரை எடுத்து, திறந்து, உள்ளே மிச்சமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தட்டினார். குழலைத் தூக்கி வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குழல் சுத்தமாக இருந்தது.

"உன் புருஷன் இதை எப்படிக் கண்டான்?"

"அவர் செய்யலீங்க. நான்தான் செஞ்சேன்."

"நீயா?"

"அவருக்குக் கையிலே பலமில்லீங்க."

"எத்தினி நாளா?"

"ஆறு மாசமா."

ஆறு மாதமாக அவர் சுட்டதெல்லாம் என் கை வேலை. அதை அவர் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றார். "ஓடியாந்து சொன்னியே, அது பெரிசு. என் கைய நீ காப்பாத்தினே. ஆனா நான் உங்க முதலாளிகிட்டச் சொல்லித்தாம்மா ஆவணும்."

"சொன்னா அவரை நிறுத்திடுவாங்க துரை."

"தெரியும்."

"நான் இனிமே செய்யலே. அவரும் செய்யமாட்டார். வேற வேலை பாக்கட்டும் அந்தக் கடையிலேயே. சொல்லாதீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "மருந்தை வூட்டுலே வச்சிருக்கே. கொழந்தை இருக்கற வூட்டுலே, அடுப்பு இருக்கற வூட்டுலே. நாளைக்கு அந்தச் சந்து முழுக்க எரிஞ்சா? தெரிஞ்சும் நான் சும்மா இருந்தா, அது என் தப்பும்மா."

 அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் தோட்டாப் பெட்டியை ஒரு கைக்குட்டையில் முடிந்து தன் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வண்டியில் என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றி, குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஆளை அனுப்பினார். கேட்காரன் மனைவி சன்னலுக்கு வெளியே நின்று குழந்தையின் காலைத் தொட்டாள். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கேற்றும் நேரம். என் கணவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கடையில் நான் வந்து போனதைச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடியிருக்கிறார்.

மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். கிண்ணியில் மருந்து மிஞ்சியிருந்தது என்று நான் ஆரம்பித்தவுடனேயே அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். பயந்துவிட்டார் என்று நினைத்து, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது நான் போட்டது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"காலையிலே நீ தூங்கிட்டிருந்தே. கை முடியுதான்னு பாக்கலாம்னு உக்காந்தேன். டப்பாவைத் தொடையிலே இடுக்கிக்கிட்டு, இடது கையாலேயே. ரொம்ப நேரமாச்சு. ரெண்டு தடவ கொட்டிப்போச்சு. மூணாந்தடவ தராசு சரியா நின்னுது. நின்னுதுடி, நேரா நின்னுது." இடது கையைப் பார்த்துக்கொண்டார். "சாயந்திரம் வந்து உங்கிட்டே காட்டலாம்னு அந்தக் கிண்ணியிலேயே வச்சுட்டுப் போனேன்."

நான் அவரைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது.  அவரும், நீ கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்கவில்லை. குழந்தை இருமிக்கொண்டிருந்தது. நான் அதற்கு வெந்நீர் வைக்கப் போனேன்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் கடைக்குப் போனார். என் கணவர் முன்னாலேயே எல்லாம் சொல்லப்பட்டது. மீதித் தோட்டாக்களை மேசையில் கொட்டி, முதலாளி ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கிப் பார்த்தார். நாற்பத்தேழு தோட்டா. நாற்பத்தேழிலும் மருந்து இருந்தது. சுட்ட மூன்றும் ஒழுங்காகத்தான் வெடித்தன. முதலாளி தராசைக் கொண்டுவரச் சொல்லிச் சிலவற்றை நிறுத்தும் பார்த்தாராம். சீமைப் பெட்டியில்கூட இவ்வளவு ஒத்து இருக்காது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாராம். பிறகு என் கணவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். தப்பே நடக்கவில்லையே என்று இன்ஸ்பெக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். மருந்து வீட்டுக்குப் போனது, அது தெரிந்தால் கடை லைசென்சு போகும், அதற்கு மேல் பேச்சில்லை என்றாராம் முதலாளி. சொன்ன வாயாலேயே அதைத் திரும்ப வாங்க இன்ஸ்பெக்டராலும் முடியவில்லை. அவர் கடை வாசலில் என் கணவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகுதான் என் கணவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதுவரை நாட்டு வைத்தியரும் தைலமுமாக இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள், கடைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். வங்காளி டாக்டர் ஒருவர் அவரைக் கையை நீட்டச் சொன்னார். பிறகு, கையை விட்டுவிட்டு, கீழுதட்டை மடக்கி ஈறைப் பார்த்தார். பல்லுக்கு அடியில் கருநீலமாக ஒரு கோடு. தமிழ் தெரிந்த ஒரு பர்மிய நர்ஸ் எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

"என்ன வேலை செய்கிறார் என்று கேட்கிறார்."

"ஈயம் உருக்குறார்" என்றேன்.

டாக்டர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். ஈயத்தின் புகைதான், அது உடம்புக்குள் போய்க் கையைப் பிடித்துவிட்டது, இனி அதன் பக்கமே போகக்கூடாது, கை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். பிறகு, நானும் ஈயம் உருக்கியதை நர்ஸ் எடுத்துச் சொன்னதன் பேரில், என் உதட்டையும் மடக்கிப் பார்த்தார். என் ஈறில் கோடு இருந்ததா என்று அவர் சொல்லவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கிறாயா என்று மட்டும் கேட்கச் சொன்னார். ஆமாம் என்றேன். அவர் எதையோ எழுதினார். கீழே வந்து அந்தச் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கினோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க எங்களுக்குத் தெரியாது. அந்த வருஷம் முழுவதும், குழந்தை கையைத் தூக்குகிறதா, விரலை விரிக்கிறதா என்று நான் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு அது தெரிய நெடுநாள் ஆயிற்று.

அச்சையும் இடுக்கியையும் இன்ஸ்பெக்டரின் ஆள் வந்து வாங்கிப் போனான். நான் போட்டாதாங்கில் ஒரு கிடங்கில் பயறு புடைக்கும் வேலைக்குப் போனேன். காலையில் போனால் மாலையில் வருவேன். அவர் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். இரண்டு முன்கைகளையும் தொட்டில் மாதிரி வைத்து அவளைத் தூக்குவார். சோறு ஊட்டப் பக்கத்து அறைக்காரி வருவாள். ரிவால்வர், தோட்டா என்ற பேச்சு வீட்டில் எழவில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. என்ன பேசுவது? பேசினால் யாராவது ஒருவர் மேல் தப்பு என்று வரும். இரண்டு பேரும் அதற்குப் பயந்தோம்.

ஒன்றரை வருஷம் போன பிறகு இடது கை விரல்கள் நிமிர்ந்தன. வலது கை பாதிதான் வந்தது. கம்மாயூட்டில் ஓர் அரிசி ஆலையில் வாசற்காவலுக்கு ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். முதல் நாள் வேலைக்குப் போக நான் ஒரு புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். நல்ல மழை. டிராம் வரும் நேரம். நான் குடையை விரித்துக்கொண்டு கீழே படிக்கட்டில் நின்றேன். அவர் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். சட்டையின் மூன்றாவது பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டினேன்.

"வேணாம்" என்றார். "நீ போய் நில்லு."

டிராம் போகும் மணிச்சத்தம் தெருக்கோடியில் கேட்டது. அடுத்தது வர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. நேரத்துக்குப் போகாவிட்டால் ஆலையில் என்ன சொல்வார்களோ, அதுவும் தெரியாது. நான் கீழே இறங்கிப் போய்க் குடைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.